எல்லையை வரையவும்

ரியாத்திலிருந்து வந்த பெட்டியில்
பால்மா, சவர்க்காரம், இரண்டு போர்வை,
போர்வைக்குள் சுற்றி இது.
"மொதலாளி மவன் மூணு மாசம் போட்டானாம்,
அப்புறம் அலமாரிக்குள்ளதானாம்"
என்றாள் புஷ்பமலர்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
போன் திருத்துவேன்.
இதுவரை நான்கு ஹெட்செட் வந்திருக்கின்றன,
நான்கும் யாருக்கோ அலுத்துப்போனவை.

உலகத்தையே கண்ணுக்குள் தருவதாகச் சொன்னவர்கள்
இப்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள்.
அடுத்தது மூக்குக்கண்ணாடி அளவுதானாம்.
அதற்கடுத்தது போட்டதே தெரியாதாம்.
இந்த மொடலுக்கு வருகிற வருசத்தோடு அப்டேட் நிறுத்தம்.
பெட்டரி இரண்டு மணித்தியாலம் என்கிறது அட்டை.
ஐம்பது நிமிடத்தில் படுத்துவிடுகிறது.

கடைக்குள் போட்டுப் பார்த்தேன்.
எல்லையை வரையவும் என்றது.
வரைந்தேன்: கவுண்டர், கதிரை, சுவர்.
இடம் போதாது என்றது.
ஆறரை அடிக்கு ஆறரை அடி
வெறுந்தரை வேண்டுமாம்.

அவள் சிரித்தாள்.
"எங்க காம்பராவுல அஞ்சு பேரு.
ஆறரை அடி சும்மா கெடந்தா
ஒரு கட்டிலப் போட்டிருக்க மாட்டமா?
ஏழு பேர்ச்சஸ் தாரேன்னவங்ககிட்ட
இந்த மெசினை அனுப்பணும்.
இது கேட்டாலாவது அளந்து குடுப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை பிரட்டுக்களத்துக்குப் போனோம்,
தோட்டத்தில் பெரிய சமதரை அதுதான்.
அவளைச் சுற்றி ஒரு நீலக்கோடு விழுந்தது,
அவளுக்கு மட்டும்.
"முன்பாரம்" என்றாள் உடனே.
தலையில் கயிறு போட்டுப்
பதினெட்டுக் கிலோ சுமக்கிறவள்.
துணியில் ஒரு கல்லை முடிந்து
பின்பட்டியில் கட்டித் தொங்கவிட்டாள்.
நேரானது.
இதைக் கண்டுபிடிக்கக் கம்பனிக்கு
எத்தனை மொடல் பிடித்ததோ.

மாதிரிக் காட்சியில் திமிங்கிலம் ஒன்று வந்ததாம்.
வயிற்றைப் பிரட்டுகிறதென்று
பிரட்டுக்களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.
கீழிருந்து மூடுபனி ஏறியது.
கெமராக்களுக்குத் தரையும் தெரியவில்லை
நாங்களும் தெரியவில்லை.
தடம் தொலைந்தது, தடம் தொலைந்தது என்று
எழுதிக்கொண்டே இருந்தது.

கடையில் காயவைத்து, லென்ஸ் துடைத்து,
பழைய பதிவுகளைத் திறந்தேன்.
பையன் விளையாடுகையில் பிடித்தது ஒன்று:
கம்பளம் விரித்த அறை,
அந்தரத்தில் அவன் அடிக்கும் பந்துகள்.
எல்லைக்கு வெளியே, ஓரத்தில்,
தட்டோடு ஒருத்தி கடக்கிறாள்.
குனிந்து எதையோ பொறுக்கி
நிமிர்ந்து போகிறாள்.
பதினொரு விநாடி.

புஷ்பமலருக்கு மாட்டிவிட்டேன்.
கடையில் ஒரு சத்தமில்லை.
பிறகு, "எளச்சிட்டா" என்றாள்.
நான்கு வருசமாகப் போனில்
தட்டையாகப் பார்த்த ரதிமலர்
தோளும் முதுகுமாக
எட்டும் தூரத்தில்.
கையை நீட்டினாள்.
என் திருகாணி டப்பா கவிழ்ந்தது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
இது பையனின் எக்கவுண்ட்.
ரீசெட் அடித்தால் எல்லாம் திறக்கும்,
கடலடி, நிலா, இன்னும் வரப்போகிற எத்தனையோ.
உள்ளே இருப்பது போய்விடும்.
அதை வெளியே எடுக்கவும்
அவன் கடவுச்சொல் வேண்டும்.

அவள் கழற்றவில்லை.
பெட்டரி ஒன்பது வீதம்.
"இது செத்தா வேற போடலாமா?"
இந்த நாட்டில் கிடைக்காது.
கொழும்பில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

பில்லில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
லென்ஸ் துடைத்தது, நூற்றைம்பது ரூபாய்,
என்று எழுதினேன்.
போர்வையில் சுற்றி எடுத்துப்போனாள்,
கல்லை அவிழ்க்காமலே.