அஞ்சலாட்

ஐஸ் கம்பெனி ஆபீஸில் ஃபேன் மெஷினுக்கு மட்டும்.
எனக்குக் காசிமேட்டுக் காற்று,
அமோனியா பாதி, வஞ்சிரம் பாதி.

சாயங்காலம் ஆறுக்குக் கிளம்புமுன்
டிஸ்கில் இருக்கும் கோப்புகளையெல்லாம்
ஒரு பட்டியலாக இறக்கி வைப்பேன்.
பெயர், கனம், நாள், நேரம்.
காலை எட்டுக்கு வந்ததும் இன்னொன்று.
இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி
ஒப்பிடு என்பேன்.
ராத்திரி யார் கை வைத்திருந்தாலும்
அந்த வரியை மட்டும் வெளியே தள்ளும்,
வலையை உதறி நண்டைப் பொறுக்குகிற மாதிரி.

யாரும் சொல்லிச் செய்வதில்லை இதை.
ராத்திரி டூட்டி தீர்த்தகிரிக்குத் தெரியாது.
முதலாளிக்குத் தெரிந்தால்
கரண்ட் பில் என்பார்.

ஆளுக்கு ஒரு கோப்பு.
பெயருக்கு எட்டே எழுத்து, அதுவும் இங்கிலீஷில்.
தேசராணி சரியாக எட்டு, தப்பித்தாள்.
கன்னியப்பன் கன்னியப் ஆனான்.
அஞ்சலாட்சி அஞ்சலாட் என்று உள்ளே நிற்க
மிச்சமிருக்கும் சி
தினமும் இரும்புக் கேட்டுக்கு வெளியே,
அன்னக்கூடையோடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு.
எடுக்கும்போதே பட்டியலும் ஒரு கோப்பு.
தன்னையும் அதில் சேர்த்துக்கொள்ளும்,
கனம் பூஜ்யம் என்று.
கல்யாண போட்டோவில் போட்டோக்காரன் நிழல்.
மறுநாள் பார்த்தால் அதே வரி
ஆயிரத்து அறுநூறு பைட் தேறியிருக்கும்.
அந்த வித்தியாசத்தை நான் கண்டுகொள்வதில்லை.

பதினெட்டாம் தேதி
ஒரு வரி கூடுதலாகத் தள்ளியது.

பதினேழில்: அஞ்சலாட், அறுநூற்றுப் பன்னிரண்டு.
பதினெட்டில், அதே இடத்தில்,
கன்னியப்புக்குக் கீழே தேசராணிக்கு மேலே:
பதினெட்டு, பூஜ்யம்.

என் பட்டியல்.

மண்ணடிக்குப் போன் போட்டேன்.
சர்வீஸ் கலீமுல்லா எதையோ மென்றபடி சொன்னான்:
அழிச்சாலும் ஒடனே அழியாதுங்க மேடம்.
பேரோட மொத எழுத்த மட்டும் சுரண்டிட்டு
மிச்சத்த அப்டியே வுட்டு வைக்கும்.
எடுத்துர்லாம்,
புதுப் பேரு ஒண்ணு வந்து
அந்த எடத்துல குந்தாத வரைக்கும்.
காலைல ஏதாவது புதுசா எழுதினீங்களா?

பதில் சொல்லாமல் வைத்தேன்.

யாரைக் காணோம் என்று எண்ணப் போய்
அவள் இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

மேசைக்கடியில் தீர்த்தகிரியின் டிபன் கேரியர்,
கழுவாமல்.
இரக்கப்பட்டு அழித்தானா, கைதவறியா,
இல்லை வேறு ஏதாவதா,
பட்டியலில் அதற்கென்று கட்டம் கிடையாது.

கேட்டில் அவள்.
"இன்னாமா, அர பாரு ஐஸு."
உன் கணக்கு எவ்வளவு நிற்கிறது, கேட்டேன்.
"ஆயிரத்தி நூத்தி நாப்பது.
வெள்ளிக்கெழம ராவுல அறுவது குடுத்தேன்,
அந்த ராத்திரிப் பையன் கையில.
அதக் கழிச்சா ஆயிரத்தி எம்பது.
இன்னாத்துக்குக் கேக்குற,
பொட்டி மறந்துட்ச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

புதுக் கோப்பு.
எட்டெழுத்தையும் மறுபடி அடித்தேன்.
நடுவில் நின்றவள்
இப்போது பட்டியலின் கடைசியில்,
நேற்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்கும் பின்னால்.
நாள் பதினெட்டு, நேரம் எட்டு நாற்பது.

தொகை என்ற இடத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது.
வெள்ளிக்கிழமை அறுபது
எந்த டிஸ்கிலும் இல்லை.
அவள் சொன்னதை அடித்தேன்.

வெளியே சாக்கின்மேல் அரை பார்.
அடியில் ஈரம் ரோட்டைப் பார்த்து நகர்கிறது.
"எழுதிக்கினியா?
சீக்கிரமா வுடும்மா, கரையுது."