தூனில் ஒரு அலை

சுற்றிலும் மலை.
கடலுக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம்.
ஆனாலும் இசைத்தட்டில் கிட்டார்
ஈரமாகவே நடுங்குகிறது.

மஞ்சளில் வெள்ளைப் பொட்டு, காலரில்லாத கவுன்,
முட்டிக்கு மேல் நாலு விரல்.
அறுபத்து நாலாம் வருடத்து வெட்டுத்தாளில்
என் இடுப்புக்கு இடமில்லை.
இரண்டு அங்குலம் கூட்டி வெட்டினேன்,
அந்த வருடம் கொஞ்சம் அகலமானது.

மூன்றாம் பாட்டில் ஊசி கீறலில் சிக்கி
'வா வா வா' என்றே நின்றது.
பாபினில் நூல் தீர்ந்ததும் தெரியாமல்
வெறுந்துணியைக் குத்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, மதகுப் பாலத்தடியில்
ரெகுலா கயிற்றைப் பிடித்துப் பலகையில் ஏறினாள்.
ஆரே ஆற்றுக்கு ஒரே அலை,
எங்கும் போகாமல்
நின்ற இடத்திலேயே புரளும்.

கரையில் நான், புதுக் கவுனில்.
தெறித்த தண்ணீரில் விளிம்பு நனைந்தது.
ஓரம் இன்னும் தைக்கவில்லை,
குண்டூசிகள்தான்.