பதினொன்றாவது ட்ராக்

பத்து ட்ராக் வரைக்கும் தாங்கும்
அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப்.
பதினொன்றில்,
சரியாக என் குரல் சேரும் இடத்தில்,
எண்ணூர் ஹைரோட்டில் செத்துப்போன டிரெய்லர் மாதிரி
குறுக்கே நின்றுவிடும்.
பின்னால் வந்த தாளமெல்லாம் ஹாரன் அடிக்கும்.

அதனால்தான் இந்த ரசீது.
முன்பக்கம்: ஐஸ் பார் நாற்பது, படகு நம்பர், என் கையெழுத்து.
பின்பக்கம்: என் கம்ப்யூட்டர்.

எஸ்தரக்கா சீட்டில் ஐம்பதைத் தள்ளி எடுத்தேன்.
கைக்கு வந்தது நாற்பத்தொன்று.
மீதி ஒன்பது, அவசரத்தின் விலை.

முதலில் அடித்தது கிராபிக்ஸ் கார்டு.
சத்தத்துக்கு எதற்கு முகம்?
"லைட் எரியுற ராம் இருக்கு மேடம், கலர் கலரா"
என்றான் ரிச்சி ஸ்ட்ரீட் ஃபைரோஸ்.
எரியாதது என்ன விலை என்றேன்.
எட்டில் இரண்டு இப்போதைக்கு.
போர்டில் நான்கு வாய் இருக்கும்,
இரண்டு பசியோடு கிடக்கட்டும்,
தீபாவளி போனஸ் வந்து ஊட்டும்.

ப்ராசசரில் மட்டும் கஞ்சம் பிடிக்கவில்லை.
வார்ப்பின் அந்தக் கோடியில் கன்னியப்பன் ஐஸ் உடைப்பதை
பில் போடும் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன்.
கட்டை இறங்கும்.
வெள்ளையாய்த் தெறிக்கும்.
அப்புறம் வரும் சத்தம்.
அந்த 'அப்புறம்' இருக்கிறதே,
அதற்குத்தான் லேட்டன்சி என்று பெயர்.
அது எனக்கு வேண்டாம்.
கீயைத் தொட்டால்
தொட்ட இடத்திலேயே கேட்க வேண்டும்.

பவர் சப்ளை நல்லதாக.
எங்கள் கம்பெனி கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம்
எங்கள் தெரு பல்பு ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும்.
எனக்குச் சம்பளம் கொடுக்கிற அதே குளிர்தான்
என் வீட்டு வோல்டேஜையும் குடிக்கிறது.

ஃபேன் பெரியதாக, மெதுவாக.
ஒரே அறை.
மைக்குக்குக் காது அதிகம்,
அம்மா குக்கரை இறக்கி வைப்பதைக்கூட எழுதிக்கொள்ளும்.
எனக்குக் கிடைப்பது ஞாயிறு மதியம்,
மீன் விற்று முடித்துத் தெருவே படுத்தபின்
ஒரு நாற்பது நிமிடம்.
அதில் இயந்திரமும் பேசினால் நான் எப்போது பாடுவது?

உப்புக் காற்றுக்கு என்ன செய்வது என்று
யாருக்கும் தெரியவில்லை.
ஃபைரோஸ் சிரித்தான்:
"வேற ஏரியாவுக்கு வூடு மாத்திடுங்க."

கேபினெட்டை மட்டும் முன்னாலேயே வாங்கிவிட்டேன்.
ஒரு பக்கம் கீறல், ஆயிரத்து நூறு.
மொத்தமாக வாங்கு, வாரண்டி போகும் என்று
எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.
தகர டப்பாவுக்கு என்ன வாரண்டி.
பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை.
மடியில் இருந்ததற்கு மட்டும் லக்கேஜ் கிழித்தார் கண்டக்டர்.
பாரிமுனை தாண்டும்வரை அதன் வயிற்றுக்குள் பார்த்தபடி வந்தேன்:
இங்கே போர்டு, இங்கே டிஸ்க், இந்த ஓட்டை வழியாகக் கேபிள்.

"இன்னாடி பியூலா, கோயி வளக்கப் போறியா?"
என்றாள் அம்மா.
ஈபி அட்டையை அதற்குள் வைத்தாள்.
அப்புறம் கேஸ் புக்கு.
அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல்,
வார்ப்பில் குடல் தின்று கொழுத்த செவலைப் பூனை
தன் மூன்று குட்டிகளை.

ஞாயிறு மூன்று மணி.
போர்டு இல்லை, ராம் இல்லை, ஒயர் இல்லை.
உள்ளே சத்தம்.
மெல்லிசாக, தகரத்தில் பட்டுத் திரும்பி,
மூன்றும் மூன்று சுதியில்.
போனை ஓட்டையருகே பிடித்தேன்.
லேப்டாப்பில் ஒன்பதை அழித்துவிட்டு இதைப் போட்டேன்.
தாங்கியது.

நேற்று ஃபைரோஸ் அழைத்தான்.
போர்டு வந்திருக்கு, எடுத்து வைக்கட்டுமா?
"ரெண்டு வாரம் போட்டும்."
"பணம் பத்தலையா மேடம்?"
"பணம் கீது. உள்ள ஆள் கீறாங்க."

ராம் நானூறு ஏறிவிட்டதாம்.
ரசீதில் அடித்து எழுதினேன்.