வராத பஸ்ஸுக்கு ஒரு கட்டம்

மூன்று நாள் வேலை.
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, கையில்.
லின்ட்ரோஸ் சந்தியில் பூட்டிக் கிடக்கும் கூட்டுறவுக் கடைக்கு முன்னால்
ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு குடை, ஒரு படிவம்.
"போறதுக்கெல்லாம் கோடு போடுங்க" என்றார் பாஹிம் சேர்.
நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே.
கார். வேன். லொறி. முச்சக்கர வண்டி. பஸ்.
நடப்பவர்களுக்கு?
"வீதிக்குத்தானே பிள்ள கணக்கு."

முதல் நாள்
ஐந்து நாற்பது பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர்.
வெளித்தோட்டத்துக்குக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள்,
ஹட்டன் துணிக்கடைகளுக்கு நிற்கப் போகிறவர்கள்
(அங்கே உட்காரக் கூடாதாம்),
கிளினிக் கொப்பியை நெஞ்சோடு பிடித்த பரமேஸ்வரி.
டிரைவர் விமலரத்ன பிளேன்டீயை ஊதிக்கொண்டு சொன்னார்:
"இந்த ட்ரிப்ப நிப்பாட்டினா எனக்குப் புண்ணியம், நங்கி.
ராவெல்லாம் பஸ்ஸிலதான் படுக்கிறது.
பனியில முதுகு மரக்கட்ட."
அவர் முதுகுக்கும் படிவத்தில் இடமில்லை.

கூட்டமில்லாத பகலில் கைநூலைப் புரட்டினேன்.
பின்னிணைப்பு நான்கில் நேரத்துக்கு விலை போட்டிருந்தது.
காரில் இருப்பவரின் நிமிடம் பதினொரு ரூபா.
பஸ்ஸில் இருப்பவரின் நிமிடம் இரண்டு ரூபா நாற்பது சதம்.
நடப்பவரின் நிமிடம்:
ஒரு சின்னக் கிடைக்கோடு.
நீர்வீழ்ச்சிப் பாதையின் வளைவை வெட்டி நேராக்கினால்
கார்களுக்கு ஆறு நிமிடம் மிச்சம்.
அந்த ஆறு நிமிடம் இருபது வருடத்தில் கோடிகளாகக் குட்டி போடுகிறது.
ஐந்து நாற்பது பஸ்
கிலோமீட்டருக்கு எண்பத்தேழு ரூபா நட்டம்.
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.
கணக்கில் பிழை இல்லை.

இரண்டாம் நாள் பஸ் வரவில்லை.

ஐந்து ஐம்பத்தைந்து. ஆறேகால்.
தூறல்.
கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாற்பத்தொரு பேர்
வளைவையே பார்த்தார்கள்.
பன்னிரண்டு பேர் மூன்று முச்சக்கர வண்டிகளில் நெருக்கி ஏறினார்கள்,
ஆளுக்கு நூற்றைம்பது.
ஒன்பது பேர் நடந்தார்கள்.
கைக்காசுப் பெண்கள் ஏழு பேர் விரல் மடக்கினார்கள்:
ஏழரை தாண்டினால் அரைப் பேர்தான்,
அரைப் பேரில் ஆட்டோக் கூலி போனால் என்ன மிஞ்சும்.
திரும்பி லயத்துக்கே ஏறினார்கள்.
பரமேஸ்வரி எட்டு மணிவரை மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள்.
யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

படிவத்தில் எழுதினேன்.
பஸ்: பூச்சியம்.
முச்சக்கர வண்டி: நேற்றைவிட மூன்று கூட.
வாசிக்கிறவருக்கு விளங்கும்:
இவர்களுக்கு பஸ் தேவையில்லை,
கையில் காசும் புழங்குகிறது.

தாளைத் திருப்பினேன்.
வெள்ளைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெயர்களை எழுதினேன்.
ஜெயசுதா. திரும்பிப் போனாள்.
திலகேஸ். சாதாரண தரம், மூன்றாம் தரம் எடுக்கிறான். நடந்தான்.
பரமேஸ்வரி. அடுத்த கிளினிக் பன்னிரண்டாம் திகதி.
ஈரத்தில் பேனா விட்டுவிட்டு எழுதியது.
பதினேழாவது பெயரோடு நின்றது.

மூன்றாம் நாள் பஸ் வந்தது.
ஏறியவர்கள் இருபத்திரண்டு.
நேற்று நனைந்தவர்கள் இன்று நம்பவில்லை.
முப்பத்தெட்டு, பூச்சியம், இருபத்திரண்டு;
மூன்றால் பிரித்தால் இருபது.
அந்த இருபது பேரை
மூன்று நாளில் ஒரு நாளும் நான் பார்க்கவில்லை.

பாஹிம் சேர் தாள்களை எண்ணி வாங்கினார்.
பின்பக்கத்தைப் பார்த்தார். வாசித்தார்,
கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை வாசித்தார்.
"இத எங்க பதியிறது?"
எனக்கும் தெரியவில்லை.
அந்த ஒரு தாளை மட்டும் நாலாக மடித்து வைத்துக்கொண்டார்,
கோப்பில் அல்ல,
சட்டைப் பையில்.

ஏழாயிரத்து ஐந்நூறுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
இருட்டிவிட்டது, பஸ் இல்லை.
வீட்டுக்கு ஆட்டோ அறுநூறு கேட்டான்.
கொடுத்தேன்.