பதிவேற்றம்

“என் கை உடைகிறது” என்று இருந்தது புகாரில்.
ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது
தவறி நமக்கு வந்துவிட்டதென்று
ஆபீசில் சிரித்தார்கள். நானும்.
ஏணியைக் கட்டிக்கொண்டு
கடலூர் முதுநகருக்கு வண்டியை விட்டேன்.

கம்பத்துப் பெட்டியைத் திறந்தால்
ஒற்றைக் கண்ணாடி இழையை
எட்டு வீடு பங்குபோட்டிருந்தது.
இணைப்பின் வாயில் உப்பு.
உப்பனாற்றுக் காற்று
கதவுக் கொண்டியையே தின்கிற ஊர்,
இது எம்மாத்திரம்.

மணியை அழுத்தினால் சத்தமில்லை;
உள்ளே ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.
அமலோற்பவம் கதவைத் திறந்து
காதைத் தொட்டுக் கையை விரித்தாள்.
பிறகு நோட்டில் எழுதினாள்:
அவர் திருப்பூரில். பனியன் கம்பெனி.
அவர் கை எனக்கு முழுசாக வருகிறது.
என் கைதான் போகிற வழியில் உடைகிறது.

வேகம் பார்த்தேன்.
இறங்குவது நாற்பது. ஏறுவது ஒன்றரை.
சினிமா பார்க்கிறவனுக்குத் தாராளம்.
விரலால் பேசுகிறவளுக்கு
பாதி வார்த்தை சதுரம் சதுரமாய்ச் சிதறும்.

ரௌட்டர் பீரோவுக்குப் பின்னால்,
பக்கத்தில் மீன் தொட்டி.
தண்ணீர் சிக்னலைக் குடிக்கும் என்று எழுதிக் காட்டினேன்.
மீன்களைச் சந்தேகமாய்ப் பார்த்தாள்.
நடுவில் முழ அகலச் சுண்ணாம்புச் சுவர்.
கதவுக் கீலில் நசுங்கி
நாலு மாதமாய் மடங்கிக் கிடந்தது இழை.
மடங்கினால் வெளிச்சம் கசியும்.
கண்ணுக்குத் தெரியாத கசிவு,
அதனால் யாரும் நம்புவதில்லை.

வெட்டி ஒட்டினேன். துடைத்தேன்.
மாதா படத்துக்கு எதிரே
ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினேன்.
பிளானை மாற்றினால் மாதம் நூற்றைம்பது கூட.
தொகையை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடிட்டுவிட்டு
சரி என்றாள்.

ஒன்பது மணி, தெருவே கிரிக்கெட்டில் இருக்கிற நேரம்.
அப்போது தாங்கினால்தான் வேலை முடிந்த கணக்கு.
திரையில் வந்தார். கழுத்தெல்லாம் நூல் தூசு.
அவள் கை கிளம்பியது.
உடையவில்லை.
அவர் புருவம் ஏறியது. பதில். அதற்கொரு பதில்.
வளையல் மட்டும் அதிர்கிற வீட்டில்
நாலு மாதமாய்ச் சேர்ந்து கிடந்த சண்டை
ஒரு துளி தடங்கலின்றித்
திருப்பூர் போய்ச் சேர்ந்தது.

படிவத்தில் ‘கோளாறுக்குக் காரணம்’ எழுத
ஒரே ஒரு கட்டம்.
சுவரா, உப்பா, எட்டு வீடா, மீனா?
‘சரி செய்யப்பட்டது’ என்று மட்டும் போட்டேன்.

வாசலில் திரும்பினால்
என்னைக் காட்டி அவள் ஏதோ சொல்கிறாள்,
அங்கே அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.
என்ன சொன்னாளோ.
சிக்னல் நன்றாக இருந்தது.