எல்லாக் காலநிலைக்கும்

பெட்டியில் அடங்காத ஜாக்கெட்டை
பதினெட்டாயிரத்துக்கு என்னிடம் தள்ளிவிட்டு
அறுகம்குடாவிலிருந்து பறந்துபோனான் வெள்ளைக்காரன்.
முழங்கையில் தகடு, முதுகில் தகடு,
அக்குளில் காற்றுப் போக ஒரு ஸிப்.

ஆடிக் கச்சானில், சாகாமம் றோட்டில்
புழுங்கல் நெல்லாய் அவிந்தேன்.
"எல்லாக் காலநிலைக்குமாம்,
எந்த ஊர்க் காலநிலைடா?"
நுபைல் விழுந்து சிரித்தான்.

கார்த்திகை.
லகுகலையில் கொட்டுது மழை.
நடு றோட்டில் கொம்பன்.
எஞ்சினை நிறுத்தி
முக்கால் மணித்தியாலம் நின்றேன்.
வெளியிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை.
உள்ளேதான்
முள்ளந்தண்டு வழியே ஓடிக்கொண்டிருந்தது ஆறு.

அது காட்டுக்குள் திரும்பியபின்
நடுங்குகிற கையை உட்பையில் விட்டேன்.

விரல் நுனியில்
அவன் உதறாமல் விட்ட கடல்மணல்,
காய்ந்தபடியே.