கழற்றிய பிறகு

எங்கள் பக்கம் மலை கிடையாது.
மவுண்ட் என்றால் அது ஊரின் அந்தக் கோடியில்,
விமானம் தாழ்ந்து இறங்குகிற திசையில்.
இங்கே உயரம் என்று காட்ட
கொடுங்கையூர்க் குப்பை,
நாலு அடுக்குக் கண்டெய்னர்.
ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு
மணலி யார்டின் குளிரூட்டிய அறையில்
மவுண்ட் செய்கிறேன், கழற்றுகிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.

'எடை' என்று ஒரு டைரக்டரி.
பெயர் இங்கே, பொருள் மண்ணடியில்.
பழைய ஆபீஸ் மாடியில் ஒரு சர்வர்
பதினோரு வருஷமாக மூச்சு வாங்குகிறது.
இங்கிருந்து திறந்தால்
சொந்த வீட்டுப் பரண் போலத்தான் தெரியும்.
தண்டையார்பேட்டையில் யாராவது பள்ளம் தோண்டி
கேபிளை வெட்டும்வரை.
பிறகு எடைமேடையில் லாரி அப்படியே நிற்கும்.
திரையில் ஒரே வரி:
சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன்.
அதில் மாட்டிய வேலையைக்
கொல்லவும் முடியாது.
ஒன்பதாம் நம்பர் கட்டளை கொடுத்தாலும்
காதில் வாங்காமல் காத்திருக்கும்.

இன்றோடு அதற்கு ஓய்வு.
கழற்று என்றேன்.
இடம் பிஸி என்றது.

"டில்லிராணி, எதாச்சும் ஃபைல் திறந்து வெச்சிருக்கியா?"
"எல்லாம் மூடிட்டேன்கா. வெளிய நாப்பது வண்டி நிக்குது,
ஆரன் அடிச்சே சாவடிக்கிறானுங்கோ. சீக்கிரம்."

மறுபடி கழற்று.
மறுபடி பிஸி.

வலுக்கட்டாயமாகப் பிடுங்கலாம்.
சோம்பேறி வழி ஒன்றும் இருக்கிறது:
பெயரை மட்டும் இப்போதே எடுத்துவிட்டு
உள்ளே இருப்பவர் தானாகக் கிளம்பும்வரை
கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது.
இரண்டுக்கும் கை வரவில்லை.
யார் உள்ளே என்று பட்டியல் கேட்டேன்.
ஒரே ஆள்.
யூனிஸ்.

நான்தான்.

சாயங்காலம் எதையோ பார்க்க உள்ளே போய்
இன்னொரு ஜன்னலில் அங்கேயே நின்றிருக்கிறேன்,
கும்மிடிப்பூண்டி லோக்கலில்
வழியை அடைத்து நின்றுகொண்டே
'வழி விடுங்க' என்று கத்துகிறவள் மாதிரி.

ஒரு படி வெளியே வந்தேன்.
கழற்று.
பதில் இல்லை.
இந்த மெஷினில்
ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

இப்போது 'எடை' காலியாக இருக்க வேண்டும்.
பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தேன்.
ஒன்பது சீட்டுகள்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர்.
புயல் ராத்திரி, கரண்ட் போய் வந்து
மெஷின் எழுந்தபோது மண்ணடி கிடைக்கவில்லை.
எடைமேடைக்கு அது தெரியாது.
போட்ட எடையெல்லாம் வெறுந்தரையில் விழுந்திருக்கிறது.
காலையில் யாரோ அதன்மேல் மவுண்ட் செய்திருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்.
மேலே ஒன்று ஏறினால்
அடியில் இருப்பது அழியாது, தெரியாது, அவ்வளவே.

நாலாவது சீட்டு.
இருபத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது கிலோ.
ஓட்டுநர்: செங்கல்வராயன்.

"எட போட்டம்மா. மழைல நனஞ்சிக்கினே போட்டேன்."
ரெண்டு நாள் கவுண்டரில் நின்றார்.
ரெக்கார்டில் இல்லை என்றேன்.
சிஸ்டம் பொய் சொல்லாது என்றும் சொன்னேன்,
அப்போது எனக்கு வேலை புதுசு.
அந்த டிரிப் வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன் அடித்தது.
"அக்கா, ஆச்சா?"
"ரெண்டு நிமிஷம்."

ஒன்பதையும் வேறு இடத்துக்கு மாற்றினேன்.
நாலாவதைப் பிரிண்ட் எடுத்தேன், இரண்டு காப்பி.
புது சர்வரை ஏற்றினேன்.
அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப பாரு, வருதா?"
"வந்துச்சுக்கா."
"செங்கல்வராயன்னு ஒரு டிரைவர். தெரியுமா?"
"எந்தச் செங்கல்வராயன்?
இந்த லைன்லயே மூணு பேரு இருப்பாங்கோ. இருக்கா."

போனை வைக்காமலே கதவைத் திறந்தாள்.
நாற்பது லாரிகளின் சத்தம்
அறைக்குள் வந்தது.
அதற்கும் மேல் ஒரு பெயரை
அவள் கத்துவது கேட்டது.
ஓர் ஆரன் நின்றது.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.